மாமரத்தடியில் காயாம்பூ

அவையோருக்கு வணக்கம்.

மரநிழல் என்றதும் நம்மில் பலர் குரோட்டன்ஸோடு நின்றுவிடுகிறோம். பூவுக்கு வெயில் வேண்டும் என்பது நம் முடிவு. இளவேனிலில் ஒருமுறை புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். மரங்களுக்கு அடியில் காயா பூத்திருக்கும். காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அதே காயாதான். இலை உதிர்ந்த கணுக்களில் நீலம் அப்பிக்கொண்டிருக்கும்.

அதை மட்டும் தனியாகக் கொண்டுவந்து மாமரத்தடியில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். நிழலில் நீலமும் அடர்சிவப்பும் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. பக்கத்தில் வெள்ளை வேண்டும். அதற்குப் பாவட்டை, மணமும் உண்டு. இரண்டுக்கும் முன்னால் ஒரு வரிசை கனகாம்பரம். நீலம், வெள்ளை, செம்மஞ்சள்: இதைவிட நல்ல சேர்க்கை நம் ஊர் நிழலுக்கு எனக்குத் தெரிந்து இல்லை. காயா மெதுவாகத்தான் வளரும், சில வருடம் பொறுக்கத்தான் வேண்டும்.

முதலில் நிழலைச் சோதியுங்கள். நண்பகலில் தரைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். கைநிழல் விளிம்பு கலங்கி விழுந்தால் மூன்றும் பூக்கும். நிழலே விழவில்லையா? அங்கே இலைதான் மிஞ்சும். மாங்காய் பறித்து முடிந்ததும் கீழ்க்கிளை நாலைந்தைக் கவாத்து செய்யுங்கள். வேம்பின் அடியில் இந்தத் தொல்லை குறைவு.

அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளி நடுங்கள். கடப்பாரை வேண்டாம், களைக்கொத்தியால் வேர்களுக்கு நடுவே சின்னக் குழி போதும். அதனால் சின்ன நாற்றாகவே வாங்குங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடை கட்டாதீர்கள், பட்டை அழுகிவிடும். காயாவும் பாவட்டையும் வேர்பிடித்தபின் அதிகம் தண்ணீர் கேட்காது, கனகாம்பரம் கேட்கும். அதனால்தான் அதை வெளி ஓரத்தில், செடிக்குச் செடி 1 அடி விட்டு வைப்பது.

கடலூர்ப் பக்க மணற்பாங்கான மண்ணில் கனகாம்பரம் திடீரென்று வெளுக்கும், இலை சிறுக்கும், கதிர் குட்டையாகும். உரக்குறை என்று எண்ணி யூரியா போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. அந்த இடத்தில் மறுபடி கனகாம்பரம் வைக்காதீர்கள். புது இடத்தில் நடும்போதே குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போட்டுவிடுங்கள்.

சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஃபுட்பால் லில்லி, பந்துபோல் பூக்கும் கிழங்குச் செடி. அடர்சிவப்பு தெரியாது என்றவனே இதைச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். இதை நடைபாதை ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் நிற்க வேண்டும். நேரே தரையில் நடாமல் எட்டங்குல மண்தொட்டியில் நட்டு, தொட்டியோடு புதையுங்கள். இலை காயும் நேரமும் நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் ஒன்றாக வந்து கிழங்கு அழுகும். இலை பழுத்ததும் தொட்டியைத் தோண்டி எடுத்து, மழை படாத தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள், தண்ணீர் காட்ட வேண்டாம். பங்குனி கடைசியில் திரும்பப் புதைத்து நனைத்தால், இலைக்கு முன்னால் பூத்தண்டு மண்ணைப் பிளந்து வரும்.