ஷேவிங்குக்கு முன்னாடி பவுடரா, பின்னாடி பவுடரா?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "தினமும் ரேசர்ல ஷேவ் பண்றேன். முடிச்ச உடனே முகத்துலயும் கழுத்துலயும் பவுடர் போடறேன். கழுத்துல சிவப்பு சிவப்பா பொரிப்பொரியா வருது. நண்பர் ஒருத்தர், ஷேவிங்குக்கு முன்னாடியே பவுடர் போட்டா பிளேடு வழுக்கிட்டுப் போகும்னு சொல்றார். எது சரி?"

நண்பர் சொல்றது பாதி சரிங்க. அவர் எலக்ட்ரிக் ஷேவர் வெச்சிருப்பார்னு நினைக்கிறேன். உங்க ரேசருக்கு அது ஆகாது.

ஏன்னு பாக்கணும்னா ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சிட்டிகை டால்கம் பவுடரைத் தூவுங்க. கீழ இறங்காது, மேலயே படலமா மிதக்கும். டால்க்குங்கறது மெக்னீசியம் சேர்ந்த ஒரு கல்லைப் பொடிச்ச மாவு. கனிமங்கள்லயே மிருதுவானது, நகத்தால கீறலாம். எண்ணெயோட ஒட்டும், தண்ணியோட ஒட்டாது. ரேசருக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிர். வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் முடி ஊறினாத்தான் உப்பி மெதுவாகும், பிளேடு சுலபமா அறுக்கும். முன்னாடியே பவுடர் போட்டா முடிக்குத் தண்ணி சரியா சேராது, நுரையும் நிக்காம திட்டுத்திட்டா உடைஞ்சு போகும். பிளேடுக்கு நடுவுல பவுடர் அப்பிக்கிட்டு, அறுக்கறதுக்குப் பதிலா முடியை இழுக்கும்.

எலக்ட்ரிக் ஷேவர்ல, அதுவும் காய்ஞ்ச முகத்துல ஓட்டும்போது, கதை வேற. நம்ம ஊர் வெயில்ல வேர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தோல் பிசுபிசுன்னு இருக்கும். ஷேவர் பிளேடை மூடியிருக்கிற வலை அதுல ஒட்டி ஒட்டி இழுக்கும். முகத்தைக் கழுவி, நல்லாத் துடைச்சு, அஞ்சு நிமிஷம் காய விடுங்க. ஒரே ஒரு சிட்டிகை பவுடரை உள்ளங்கையில தேய்ச்சு, முடி வளர்ற திசைக்கு எதிரா தாடையில தடவுங்க. எண்ணெயை அது இழுத்துக்கும், படுத்திருக்கிற முடி எழுந்து நிக்கும். முகம் வெள்ளையாத் தெரிஞ்சா அளவு மிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், தட்டி விட்டுடுங்க. நீளமான வலை ஷேவர்னா நேர்கோட்டுல ஓட்டணும், வட்டத் தலைன்னா சின்னச் சின்ன வட்டமா. முடிச்சதும் ஷேவர் தலையைக் கழட்டி உள்ள இருக்கிறதை பிரஷ்ஷால தட்டறதை மட்டும் விட்டுடாதீங்க, ஆனா பிரஷ் வலையில படக் கூடாது. பவுடரும் எண்ணெயும் குழைஞ்சு வலைக்கு அடியில பசை மாதிரி ஏறிச்சுன்னா தலை சூடாகும். அப்புறம் "இந்த ஷேவர் எரியுது"ன்னு கம்பெனியைத் திட்டுவோம்.

இப்ப உங்க கழுத்துக்கு வருவோம். ஷேவ் பண்ணின உடனே பவுடர் போடறதுல ரெண்டு தப்பு. ஒண்ணு, ஈரம். ஈரத்தோலு மேல விழற பவுடர் கட்டி கட்டியா நின்னு, சட்டைக் காலர் உரசும்போது அதுவே அராவும். ரெண்டாவது, பிளேடு பட்ட தோல்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் நிறைய இருக்கும். காயத்துக்குள்ள போன டால்க்கை உடம்பால கரைக்க முடியாது, அதைச் சுத்திச் சின்னக் கட்டி கட்டலாம். ஒரு காலத்துல ஆபரேஷன் கையுறையில டால்க்தான் தூவினாங்க, இந்தத் தொல்லையாலதான் ஸ்டார்ச்சுக்கு மாறினாங்க. அப்பவும் பிரச்சினை தீராம, அமெரிக்காவுல 2016 கடைசியில பவுடர் போட்ட மருத்துவக் கையுறைக்கே தடை போட்டாங்க. முகத்துக் கீறல் வயித்து ஆபரேஷன் அளவுக்கு மோசமில்லதான். ஆனா ரத்தம் கசியற இடத்துல பவுடரை அப்பி நிறுத்தற பழக்கம் வேண்டாம். அதுக்குப் படிகாரம் இருக்கு.

வரிசை இப்படி வெச்சுக்கங்க. ஷேவ் முடிஞ்சதும் குளிர்ந்த தண்ணியில கழுவிட்டு, படிகாரக் கல்லை நனைச்சு மெதுவாத் தேய்ங்க. ஒரு நிமிஷம் விட்டுக் கழுவுங்க. துண்டால ஒத்தி எடுங்க, தேய்க்க வேண்டாம். பத்து நிமிஷம் கழிச்சு, எரிச்சலோ கசிவோ இல்லைன்னா, காலர் உரசற இடத்துல மட்டும் லேசா பவுடர். கிரீம் போடறவங்க அது தோல்ல ஊறி இறங்கற வரைக்கும் பொறுங்க, இல்லைன்னா மாவு பிசைஞ்ச மாதிரி திரளும். வேர்க்குரு பவுடரை ஷேவ் பண்ணின முகத்துல போடாதீங்க. அதுல பெரும்பாலும் மென்தால் மாதிரி சில்லுனு இருக்கிற சரக்கு இருக்கும், எரியும்.

டால்க்கால புற்றுநோய் வருமான்னும் கீழ கமெண்ட்ல சில பேர் கேட்டிருக்கீங்க. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2024 ஜூலையில டால்க்கை 2ஏ பிரிவுல வெச்சிருக்கு, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமா வாய்ப்பிருக்கிற பொருள். அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு பலம்னு சொல்லுது, ஒரு சிட்டிகையால எவ்வளவு ஆபத்துன்னு சொல்லலை. பயமா இருந்தா சோள ஸ்டார்ச் பவுடர் வாங்குங்க. டப்பாவுல எழுத்து தெரியலைன்னா, ஒரு சிட்டிகை பவுடரைத் தனியா எடுத்து, அது மேல காயத்துக்குப் போடற பழுப்பு அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்க. ஸ்டார்ச் இருந்தா கருநீலமாகும், வெறும் டால்க்னா நிறம் மாறாது. எதுவானாலும் மூக்குக்கு நேரா டப்பாவைத் தட்டாம, கையில கொட்டி எடுங்க.

கேள்வி கேட்டவருக்கு, ரெண்டு வாரம் பவுடரை நிறுத்துங்க. கழுத்துல முடி எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு விரலால தடவிப் பாத்து, அந்தத் திசையிலயே வழிங்க. நிறைய பேருக்கு அங்க முடி மேல் நோக்கியோ பக்கவாட்டுலயோதான் வளரும், கீழ இழுக்கறதே எதிர் வழிப்பு ஆயிடும். வெட்டின முனை திரும்பித் தோலுக்குள்ள குத்தித்தான் பெரும்பாலும் அந்தப் பொரி வருது. சீழ் வெச்சா தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. பழைய பஃபைத் தூக்கிப் போட்டுடுங்க. சலூன்ல எல்லார் முகத்துலயும் ஒத்தற பஃபைக் கொண்டு வந்தா, "எனக்கு வேண்டாம்ணே"ன்னு சொல்லிடுங்க.