கை தட்டியவர்களின் கணக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் அனிமே ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன் தொடரின் முடிவு தருவது நிறைவா, ஏமாற்றமா?' என்பது தலைப்பு. இவா என்ற மாபெரும் ரோபோக்களைப் பதின்வயதுப் பிள்ளைகள் ஓட்டி எதிரிகளோடு மோதும் ஜப்பானிய அசைபடத் தொடர் இது. ஏமாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். அதற்காக இந்தத் தொடர் பிடிக்காதவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். 1995 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த அந்த 26 பகுதிகளையும் மூன்று முறை பார்த்தவன் நான். மூன்று முறையும் கடைசிக் காட்சியில் அழுதேன். அழுது முடித்ததும் மூன்று முறையும் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குத்தான் இன்று நியாயம் கேட்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "இது ரோபோ சண்டைக் கதை இல்லை, மனசின் கதை. கடைசி இரண்டு பகுதிகளில் சண்டையை விட்டுவிட்டு மனசுக்குள் போனதுதான் இயக்குநர் ஹிடேயாகி அன்னோவின் துணிச்சல்" என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். படம் அசையவில்லை, வெறும் கோட்டோவியத்தைக் காட்டிவிட்டார்கள் என்றெல்லாம் நான் குறை சொல்லப் போவதில்லை. 24ஆம் பகுதியில் தன் நண்பன் கவோருவை இவாவின் கைக்குள் பிடித்தபடி கதையின் நாயகன் ஷின்ஜி நிற்கும்போது, ஏறக்குறைய ஒரு நிமிடம் திரையில் எதுவும் அசையாது. பின்னணியில் பீத்தோவனின் இசை மட்டும். மொத்தத் தொடரிலும் என்னை அதிகம் உலுக்கியது அந்த ஒரு நிமிடம்தான்.

நான் வழக்காட வந்திருப்பது அசுகாவுக்காக.

பதினான்கு வயதுப் பெண். இவாவை ஓட்டத் தேர்வாகிவிட்டேன் என்று சொல்லச் சின்ன வயதில் அம்மாவிடம் ஓடியவள், அம்மா தூக்கில் தொங்குவதைப் பார்க்கிறாள். அதற்கப்புறம் இவாவை ஓட்டுவது ஒன்றுதான் அவளுக்குப் பிடிமானம். 22ஆம் பகுதியில் அவள் மனசையே எதிரி கிழித்துப் போடுகிறது. 24ஆம் பகுதியில் அவளைக் கண்டுபிடிக்கிறார்கள், எங்கே? இடிந்த வீடொன்றின் குளியல் தொட்டியில். எலும்பும் தோலுமாகத் தண்ணீரில் கிடக்கிறாள். கண் மட்டும் திறந்திருக்கிறது. நான் இருக்க இனிக் காரணமே இல்லை, யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்கிறாள்.

இரண்டே பகுதி தள்ளி, 26இல், எல்லோரும் ஷின்ஜியைச் சுற்றி நின்று கை தட்டி வாழ்த்துகிறார்கள். அந்த வட்டத்தில் அசுகாவும் நிற்கிறாள். அந்தத் தொட்டியிலிருந்து எப்போது எழுந்தாள்? யார் கை கொடுத்துத் தூக்கினார்கள்?

"அது ஷின்ஜியின் மனசுக்குள் இருக்கும் அசுகாதானே" என்று எதிரணித் தோழி சொன்னார். என் குறையே அதுதான் அம்மா! அவன் மனசுக்கு வெளியே இருக்கிற அசுகா என்ன ஆனாள்? 25ஆம் பகுதியில் அசுகா, அவர்களின் அதிகாரி மிசாட்டோ, இவாவை ஓட்டும் இன்னொரு பெண் ரெய் என்று ஒவ்வொருவர் மனசையும் தோண்டினார்களே, தோண்டிய குழியை மூடினார்களா? 26ஆம் பகுதி தொடங்கும்போதே திரையில் எழுத்து வருகிறது: எல்லாவற்றையும் சொல்ல நேரம் போதாது, அதனால் ஷின்ஜி என்ற ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்கிறோம் என்று. நடுவர் அவர்களே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று தொடரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

1997இல் இந்தக் கதையின் முடிவை மறுபடி சொல்லும் திரைப்படம் வந்தது. ஏரிக்கு அடியில், இவாவுக்குள் சுருண்டு கிடக்கும் அசுகா, சாவுக்குப் பயந்து நடுங்குகிற அந்த நேரத்தில், தன் அம்மா அதற்குள்ளேயே இருந்து தன்னைக் காத்துவந்திருக்கிறாள் என்று உணர்ந்து எழுகிறாள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவளுக்குத் தர வேண்டியிருந்தது அதுதான். தொடரிலேயே தந்திருக்க வேண்டியது.

அப்படியானால் கடைசிக் காட்சியில் ஏன் அழுதாய் என்று கேட்பீர்கள். 'நான் இங்கே இருக்கலாம்' என்று ஷின்ஜி கண்டுபிடிக்கும்போது அழாமல் இருக்க என்னால் முடியவில்லை. யாருக்கும் வேண்டாதவனாக இருக்கிறோமோ என்று எண்ணிப் படுத்த இரவுகள் எனக்கும் உண்டு. அந்த வார்த்தை என்னைத் தாங்கியது, இன்றும் தாங்குகிறது. அது அசுகாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்த அணியில் நிற்கிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும் முன் அந்தக் குளியல் தொட்டிக் காட்சியை மட்டும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.