மணப்பெண்ணுக்குப் பின்னால் யார் நிற்பது?

(காட்சி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு சர்ச். பீடத்தின் முன் மணமக்கள்.)

பெண்ணுக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், பார்த்தீர்களா? பூச்செண்டோடு இருப்பவள் பெண்ணின் கல்லூரித் தோழி. பட்டுச் சேலையில் இருப்பவள் மாப்பிள்ளையின் தங்கை. "யாராவது ஒருத்தர் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறார் போட்டோகிராபர். யார் தள்ளி நிற்பது?

முதலில் தோழி. பூச்செண்டும் ஒரே நிற உடையுமாக வரும் பிரைட்ஸ்மெய்ட் இங்கிலாந்துச் சரக்கு. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணியின் கல்யாணத்தில், தரையில் புரளும் அவருடைய உடையைத் தூக்கிப் பிடிக்கவே 12 பெண்கள், எல்லோரும் வெள்ளையில். கெட்ட ஆவிக்கு மணப்பெண் யாரென்று தெரியக் கூடாது, அதனால்தான் ஒரே உடை என்றும் ஒரு கதை உண்டு. திருஷ்டிப் பொட்டு வைக்கிற நமக்கு இது ஒன்றும் புதிதில்லை!

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் கேட்பது குருவோடு இரண்டு சாட்சிகளை. தோழி கட்டாயம் இல்லை.

ஆனால் தோழி என்ற ஆள் நமக்குப் பழையவள். சங்கப் பாட்டில் அவள் செவிலியின், அதாவது தலைவியை வளர்த்த தாயின், மகள். தலைவியின் காதலை வீட்டில் பக்குவமாக எடுத்துச் சொல்பவள். அதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். சங்க நூலான குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் அவள் பேச்சுதான். பூச்செண்டு பிடிப்பதைவிடக் கடினமான வேலை.

(காட்சி: தாலிக் கயிறு, அருகில்.)

அப்புறம் நாத்தனார். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் நாத்தூன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்றதை அவர் சகோதரி போடுவது பல வீடுகளில் வழக்கம், இந்துக் கல்யாணத்திலும் சரி, சர்ச்சிலும் சரி. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தரும் மந்திரகோடிச் சேலையிலிருந்து உருவிய ஏழு இழையில்தான் மின்னு, அதாவது தாலி, கோர்ப்பார்கள். அதைக் கட்டும்போதும் பின்னால் நாத்தூன் நிற்பாள்.

இப்போது புரிகிறதா? தோழி பிறந்த வீட்டுப் பக்கத்து ஆள், கடைசிவரை கூட வருபவள். நாத்தனார் புகுந்த வீட்டு ஆள், வரவேற்கப் பின்னால் நிற்பவள். பெண் மட்டும் நடுவில்.

(காட்சி: மீண்டும் பீடம்.)

சரி, நம் போட்டோகிராபர் என்ன ஆனார்? தாலி கட்டும் நேரம் வந்தது. பெண்ணின் தலையில் போட்டிருந்த நெட் துணி முடிச்சுக்கு இடைஞ்சலாக இருந்தது. தோழி பூச்செண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துணியைத் தூக்கிப் பிடித்தாள். நாத்தனார் முடிச்சுப் போட்டாள். இரண்டு பேரையும் சேர்த்தே எடுத்தார்.