வேஷமா, விசுவாசமா? ‘விசுவாசமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

“ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில மேடையில் ஜெபம் என்பது வேஷமா, விசுவாசமா?” இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் கொடுங்கோலன் மூன்றாம் ரிச்சர்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். லண்டன் மேயர் வருகிற நேரம் பார்த்து, இரண்டு பிஷப்புகளுக்கு நடுவே, கையில் ஜெபப் புத்தகத்தோடு மாடத்தில் நிற்கிறான்; ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சொல்லியே கிரீடத்தை வாங்கிக்கொள்கிறான். “படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்” என்று தலைவர் முடித்தபோது அரங்கம் அதிர்ந்தது. நியாயமான கைதட்டல்தான். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கச் சொல்லி அவன் கூட்டாளி பக்கிங்ஹாம் பாடம் நடத்துவதை நாம் அதே காட்சியில் முன்னாலேயே கேட்டுவிடுகிறோமே! மேயர் ஏமாறுகிறார், நாம் ஏமாறவில்லை. ‘இது கள்ள நோட்டு’ என்று எடுத்துக் காட்டுகிறவனுக்கு நல்ல நோட்டின் மதிப்பு தெரியும் ஐயா.

முதலில் அந்த அவையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? உட்கார்ந்தவர்கள் என்பதுகூடத் தவறு. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த லண்டன் குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்றவர்கள். 1559 சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகாவிட்டால் 12 பென்னி அபராதம். ஓர் ஆராதனையைத் தவறவிட்ட காசில் பன்னிரண்டு நாடகம் பார்க்கலாம்! அதனால் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தின் சொற்கள் வாரந்தோறும் அவர்கள் காதில் விழுந்தன. அதிலே, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்துக்கு முன் வாசிக்கிற அறிவுரை ஒன்று உண்டு: பிறருக்குத் தீங்கு செய்திருந்தால் அதை ஈடுகட்ட ஆயத்தமாக இரு, அப்புறம் பந்திக்கு வா.

இதைக் காதில் வாங்கிக்கொண்டு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சிக்கு வாருங்கள். அரசனான அண்ணனைக் கொன்று அரியணை ஏறிய கிளாடியஸ் தனியாக நிற்கிறான். ஏறத்தாழ 35 வரி பேசுகிறான். பலர் இதைத்தான் ஜெபம் என்று நினைக்கிறார்கள், இல்லை. இது ஜெபிக்க முடியுமா என்று தனக்குத்தானே நடத்துகிற விசாரணை. ‘கொலையை மன்னியும்’ என்று கேட்கலாமா? கேட்க முடியாது, ஏனென்றால் கொன்று பெற்ற மூன்றும் இன்னும் கையில் இருக்கின்றன: கிரீடம், பேராசை, ராணி. களவுப் பொருளை மடியில் வைத்துக்கொண்டு மன்னிப்பு கேட்பது எப்படி? அந்தத் திருவிருந்து அறிவுரை கேட்ட அதே கேள்வி. கடைசியில், வளையாத முழங்கால்களை வளையச் சொல்லி முழங்கால்படியிடுகிறான். ஜெபம் அப்போதுதான் தொடங்குகிறது, அது மௌனம்! நமக்கு ஒரு சொல்கூடக் கேட்காது. அந்த மௌனத்துக்குள், கொலையுண்ட அரசனின் மகன் ஹாம்லெட் பழிவாங்க வாளோடு வருகிறான். ஜெபிக்கிறவனைக் கொன்றால் சொர்க்கத்துக்கு அனுப்பிவிடுவேனே என்று வாளை உறையில் போட்டுவிட்டுப் போகிறான். பிறகு கிளாடியஸ் எழுந்து இரண்டே வரி சொல்கிறான்: சொற்கள் மேலே பறக்கின்றன, எண்ணங்கள் கீழேயே கிடக்கின்றன, எண்ணமில்லாத சொல் பரலோகம் சேராது.

நடிப்புப் பயின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மௌனத்தில் கிளாடியஸ் கண்ணீர் விட்டுத் தேம்பினால் காட்சி கெட்டது. கடைசி இரண்டு வரி பொய்யாகிவிடும். கள்ளப்பார்வை பார்த்தாலும் கெட்டது, ஹாம்லெட் முட்டாளாகிவிடுவான். முழங்காலைப் பார்த்து மனத்தை அளக்க முடியாது என்பதுதான் காட்சியின் உயிர். வேஷம் போடுகிறவனுக்கு இந்த வேதனை எதற்கு நண்பர்களே? அவன் போலி என்றால் ‘முடிந்தது வேலை’ என்று எழுந்து போயிருப்பான்.

ஷேக்ஸ்பியரின் மக்பெத் சுருக்கமாக. ராஜாவைக் கொன்றுவிட்டு வருகிறான். உறக்கத்தில் விழித்த இருவரில் ஒருவன் ‘கடவுள் காப்பாராக’ என்கிறான், மற்றவன் ‘ஆமென்’ என்கிறான். மக்பெத்துக்கு அந்த ஆமென் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. சபையாரின் பங்கு அந்த ஒரு சொல்தான், குழந்தைகூடச் சொல்லும். அது வரவில்லை என்றால் அவன் சபையிலிருந்தே வெட்டுண்டான் என்று பென்னிக்காரனுக்கும் புரியும்.

ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் மார்லோவின் ‘டாக்டர் பாஸ்டஸ்’ நாடகத்துக்கு வருகிறேன். பிசாசுக்கு ஆத்மாவை விற்ற பாஸ்டஸிடம் கடைசி இரவில் மாணவர்கள் கடவுளை நோக்கிக் கூப்பிடச் சொல்கிறார்கள். அழ வேண்டும், பிசாசு கண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பேச வேண்டும், நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. கையை உயர்த்த வேண்டும், ‘பாருங்கள், பிடித்துக்கொள்கிறார்கள்!’ கண்ணீர், நாக்கு, கை என்று ஜெபத்தின் கருவி ஒவ்வொன்றாகப் பறிபோகிறது. 1604 பதிப்பில் அந்த நேரத்தில் பிசாசுகள் மேடைக்கு வருவதாகக் குறிப்பே இல்லை. வெறும் காற்றை எதிர்த்து நடிகர் கையைத் தூக்க வேண்டும். கொஞ்சம் மிகையானால் சிரிப்பு வந்துவிடும். 1616 பதிப்பில் பிசாசுகளின் தலைவன் லூசிபரின் கும்பல் காட்சித் தொடக்கத்திலேயே வந்து நிற்கிறது. எனக்குப் பழையதே பிடிக்கும். இன்னொரு மாற்றம் ஒற்றைச் சொல்லில்: பாஸ்டஸால் மனந்திரும்ப ‘முடிந்தால்’ காலம் கடக்கவில்லை என்கிறது 1604, மனந்திரும்ப ‘விரும்பினால்’ என்கிறது 1616. மீட்கப்படுகிறவர் யார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டதா, மனிதன் கையில் இருக்கிறதா என்று தேவாலயங்களில் வாதாடிய விஷயம் அது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் 1606 சட்டத்தை எடுத்துப் போட்டார்: மேடையில் கடவுள் பெயரைச் சொன்னால் 10 பவுண்டு அபராதம், பக்தி இருந்தால் சட்டம் எதற்கு என்றார். பாதிப் பணம் வழக்குப் போட்டவருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அதுதான் சுவையான பகுதி. சட்டம் தடுத்தது கேலியாகவும் இழிவாகவும் சொல்வதை. கிறிஸ்துவின் இரத்தத்தின் மேல், காயத்தின் மேல் இடுகிற ஆணைகள் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தின் 1622 பதிப்பில் உண்டு, அவர் நாடகங்களைத் தொகுத்த 1623 பெரும்பதிப்பில் காணோம். ஆனால் அதே 1623 பதிப்பில் மக்பெத்தின் ‘கடவுள் காப்பாராக’ அப்படியே நிற்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கொல்ல வந்த கணவன் ஒதெல்லோவிடம் ‘ஒரு ஜெபம் சொல்லிக்கொள்கிறேன்’ என்று கெஞ்சும் டெஸ்டமோனா, 1622இல் ‘ஆண்டவரே, ஆண்டவரே, ஆண்டவரே’ என்று கதறுகிறாள், 1623இல் அந்தக் கதறல் இல்லை. எந்தக் கை வெட்டியதோ, வெட்டுப்பட்டது ஆணை அல்ல, நிஜ ஜெபம்.

கடைசியாக, எதிரணித் தலைவரின் ரிச்சர்டையே திருப்பிக் கொடுக்கிறேன். அவர் மூன்றாம் அங்கத்தோடு நிறுத்திவிட்டார். ஐந்தாம் அங்கம், பாஸ்வொர்த் போருக்கு முந்தைய இரவு. எதிரி ரிச்மண்ட் ஜெபித்துவிட்டுத் தூங்குகிறான். ரிச்சர்டின் கனவில் அவன் கொன்றவர்களின் ஆவிகள் வருகின்றன. திடுக்கிட்டு எழுகிறான்: குதிரை கொண்டா, காயத்தைக் கட்டு, ‘இயேசுவே, இரங்கும்!’ உடனே, ‘சும்மா இரு, கனவுதான்’ என்று தானே அதை அழித்துவிடுகிறான். பிஷப்புகள் இல்லை, புத்தகம் இல்லை, மேயர் இல்லை. எதிரணித் தலைவரே, அந்தக் கூடாரத்தில் யாருக்காக ஐயா வேஷம்?