புதுக் கார்ன் ஸ்னேக் வந்தாச்சா? முதல் வாரம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

வணக்கம் மக்களே! இன்றைய வீடியோவில் பாம்பு வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை பார்த்துவிட்டு அப்புறம் திட்டாதீர்கள். எனக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடித் தொட்டிக்குள் இஞ்சி என்று ஒரு குட்டி கார்ன் ஸ்னேக், அதாவது வீட்டில் வளர்க்கிற விஷமில்லாத பாம்பு, இருக்கிறது. வந்ததிலிருந்து மறைவிடத்துக்குள் போய்ப் படுத்தது படுத்ததுதான். எனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

புதிதாகப் பாம்பு வாங்கியவர்கள் அதிகம் கேட்கிற கேள்வியே இதுதான்: "வெளியே வரவே மாட்டேன் என்கிறது, உடம்பு சரியில்லையா?" நன்றாகத்தான் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த குட்டி 25, 30 சென்டிமீட்டர்தான் இருக்கும், தடிமன் ஒரு பென்சில் அளவு. பறவை, பெரிய பாம்பு என்று அதைத் தின்ன ஆள் நிறைய. ஒளிந்துகொள்ளத் தெரிந்த குட்டிதான் பிழைக்கும். தவிர, கார்ன் ஸ்னேக் பெரும்பாலும் அந்தி மயங்கின பிறகும் இரவிலும்தான் நடமாடும். பகல் முழுக்கக் கண்ணாடியில் முட்டி முட்டி அலைந்துகொண்டே இருந்தால்தான் நான் யோசிப்பேன். சூடு அதிகமாக இருக்கலாம், மறைவிடம் போதாமல் இருக்கலாம்.

அதனால் முதல் ஒரு வாரத்துக்கு உங்களுக்கு ஒரே வேலைதான். தண்ணீர் மாற்றுங்கள், வெப்பநிலையைப் பாருங்கள், தொட்டியை மூடுங்கள், போய்விடுங்கள். கையில் எடுக்கக் கூடாது. மறைவிடத்தைத் தூக்கி "இருக்கியா?" என்று எட்டிப் பார்க்கக் கூடாது. நண்பர்களை வரவழைத்துக் காட்டவும் கூடாது. தொட்டி இருக்கிற மேஜையில் ஸ்பீக்கரையும் வைக்காதீர்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லையே தவிர, தரையில் வருகிற அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போய்விடும்.

சரி, தொட்டிக்கு வருவோம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இந்த இடது பக்கம் சூடான பக்கம், வலது பக்கம் குளிர்ந்த பக்கம். சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. தின்றது செரிக்கச் சூடான பக்கம் போகும், போதும் என்றால் இந்தப் பக்கம் வந்துவிடும். தொட்டி முழுக்க ஒரே சூடாக வைத்தால் அந்தத் தேர்வை நாம் அதனிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம்.

இப்போது மறைவிடத்தைக் கவனியுங்கள். இரண்டு இருக்கிறது, சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று. பலர் ஒன்றே ஒன்றை வாங்கிச் சூடான பக்கம் வைத்துவிடுகிறார்கள். அப்போது என்ன ஆகும்? பயந்த பாம்புக்கு ஒளிவதுதான் முதலில், சூடு குளிர்ச்சி எல்லாம் அப்புறம்தான். வெக்கை தாங்காவிட்டாலும் அந்த ஒரே மறைவிடத்தை விட்டு வராது. குளிர்ந்த பக்கம் மட்டும் வைத்தால் தின்றதைச் செரிக்க முடியாமல் அங்கேயே கிடக்கும். இரண்டு பக்கமும் இருந்தால்தான் பயமில்லாமல் இடம் மாறும். மறைவிடம் பெரிதாக இருப்பதும் நல்லதில்லை. சுருண்டு படுத்தால் உடம்பு மூன்று பக்கமும் சுவரில் படவேண்டும், வாசல் ஒன்றுதான் இருக்கவேண்டும். இஞ்சிக்கு நான் வைத்திருப்பது சும்மா ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கவிழ்த்துப் போட்டு ஓரத்தில் வாசல் வெட்டியது. வெட்டின விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், தோல் கிழியாது.

அடுத்து ஹீட் மேட், அதாவது தொட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றுகிற விரிப்பு. தொட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் வேண்டாம். தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்துகிற கருவி, இல்லாமல் தயவுசெய்து சொருகவே சொருகாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டி ஏறும். சுடுகிறது என்று விலகிப் போகாமல் பாம்பு அதன் மேலேயே படுத்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. தெர்மோஸ்டாட்டின் சென்சார் இருக்கவேண்டிய இடம் பாம்பு படுக்கிற தரை. கண்ணாடியில் ஒட்டுகிற அந்த வட்ட மீட்டர் காற்றின் சூட்டைத்தான் காட்டும், அதை நம்பி உட்காரவேண்டாம்.

கீழே போட்டிருப்பது ஆஸ்பென் மரச் சீவல். உள்ளே துளைத்துக்கொண்டு போகக் குட்டிக்குப் பிடிக்கும். தேவதாரு, பைன் சீவல் வேண்டாம், அதிலிருந்து வருகிற நெடி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். தண்ணீர்க் கிண்ணம், ஏற ஒரு கிளை, மறைப்புக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக் இலை. அலங்காரம் அவ்வளவுதான், மீதி உங்கள் இஷ்டம்.

மூடி பற்றி ஒரு நிமிடம். தலை நுழைகிற இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும், குட்டிக்கு அது ரொம்பச் சின்ன இடைவெளி. மூக்கால் முட்டித் தூக்கிப் பார்ப்பது இதற்குப் பொழுதுபோக்கு. மூடி மேல் புத்தகம் அடுக்குவதெல்லாம் பூட்டு ஆகாது. கிளிப் போடுங்கள், வயர் போகிற ஓட்டையை அடையுங்கள்.

இனி சாப்பாடு. நிறையப் பேர் பதறுவது இங்கேதான். வந்த அன்றைக்கே கொடுக்காதீர்கள். ஐந்து முதல் ஏழு நாள் போகட்டும். வாங்கும்போதே மூன்று விஷயம் கேட்டு வையுங்கள்: கடைசியாக என்றைக்குத் தின்றது, என்ன தின்றது, உறைய வைத்த இரையா உயிருள்ளதா. குட்டிக்குப் பிங்கி, அதாவது முடி முளைக்காத எலிக்குஞ்சு. பாம்பின் உடம்பு எங்கே ரொம்பத் தடிப்போ அந்த அளவு இருந்தால் போதும், கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. உறைந்த பிங்கியை ஃப்ரிட்ஜில் வைத்துப் பனி விடவைத்து, அப்புறம் ஒரு பையில் போட்டு வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். ஒரு இடம் வெந்து இன்னொரு இடம் சில்லென்று இருக்கும், சில சமயம் வெடிக்கும், அதைத் துடைக்கிற வேலை யாருக்கும் வரக்கூடாது. சாயங்காலம் விளக்கைக் குறைத்துவிட்டு இடுக்கியால் நீட்டுங்கள்.

தின்னவில்லையா? மறைவிட வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அப்படியே கிடந்தால் எடுத்துத் தூர எறிந்துவிட்டு, ஐந்தாறு நாள் கழித்துத்தான் அடுத்த முயற்சி. தினமும் மூக்குக்கு நேரே ஆட்டினால் அந்த இரையைக் கண்டாலே ஒதுங்கப் பழகிவிடும். கண் நீலம் பூத்த மாதிரி மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது பல பாம்புகள் தின்னாது, தொட்டாலும் எரிச்சல்படும். ஈரப்பதத்தை மட்டும் சற்றுக் கூட்டி விட்டுவிடுங்கள்.

தொட்டிக்குள்ளேயே தீனி போட்டால் நம் கையைக் கடிக்கும், அதனால் வேறு டப்பாவில் போடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தின்ற வயிற்றோடு தூக்கி மாற்றுவதுதான் வினை. கக்கிவிடும். கக்கினால் குறைந்தது பத்து, பதினாலு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அப்புறம் வழக்கத்தைவிடச் சின்ன இரை. தின்ற பிறகு 48 மணி நேரம் யாரும் தொடக்கூடாது.

எப்போதுதான் கையில் எடுப்பது? அடுத்தடுத்து இரண்டு வேளை ஒழுங்காகத் தின்று செரித்த பிறகு. முதலில் ஐந்து நிமிடம் போதும். மேலிருந்து கையை இறக்காதீர்கள், பருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் கொண்டுபோய், உடம்பின் நடுப்பகுதியை அடியிலிருந்து ஏந்துங்கள். வால் படபடவென்று அடிக்கலாம், நாற்றமடிக்கிற திரவத்தைப் பீய்ச்சலாம், எஸ் வடிவத்தில் வளைந்து பாயலாம். விஷமில்லாத பாம்பு, குட்டி கடித்தால் கீறல்கூடச் சரியாக விழாது. கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், அதன் பல் மாட்டி உடையும். நிதானமாக நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தால் உங்களை மோப்பம் பிடித்து ஆராய்கிறது, நல்லது. முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பின்னால் கழுவுவது நமக்காக, பாம்பிடம் சால்மோனெல்லா என்கிற கிருமி இருக்கலாம். முன்னால் கழுவுவது கடி வாங்காமல் இருக்க, கையில் எலி வாசனை இருந்து அது இரை என்று கடித்தால் அதன் குற்றம் இல்லை.

வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, மூக்கில் குமிழி வருகிறது, இரண்டாம் முறையும் கக்குகிறது, தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகை விடச் சின்னதாய்க் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன. இதில் எது நடந்தாலும் வீடியோ தேடிக்கொண்டிருக்காமல் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். அந்தக் கறுப்புப் புள்ளி பெரும்பாலும் உண்ணிப் பூச்சி. அந்த மருத்துவர் யார் என்பதைப் பாம்பு வீட்டுக்கு வருவதற்கு முன்பே தேடி வைத்திருக்கவேண்டும், பதினைந்து இருபது வருடம் வாழ்கிற பிராணி இது.

அடுத்த வீடியோவில் இரையைச் சூடாக்கி நீட்டுவதைக் காட்டுகிறேன். அன்றைக்கு இஞ்சி பசியோடு இருந்தால் அதன் தலையாவது தெரியும்.