கத்தரிக்கோலின் தூரத்துப் பங்காளி

நேயர்களுக்கு வணக்கம்.

ஆட்டு ரோமம் கத்தரிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஷியர்’ என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘ஷெரன்’, ஜெர்மனில் இன்றும் ‘ஷேரன்’. அடிவேர் ‘ஸ்கெர்’, அதாவது வெட்டு. அதே வேரின் கிழக்குக் கிளைதான் சமஸ்கிருதத்தில் ‘கர்த்தரி’ ஆகி, நம்மிடம் ‘கத்தரி’ என்று வந்து சேர்ந்தது. ‘சிசர்ஸ்’ மட்டும் இந்தக் குடும்பத்தில் இல்லை. அது லத்தீன் வழி வந்தது.

நமக்கென்று இருந்த சொல் ‘கொய்’. பிடரிமயிர் நறுக்கிய குதிரையைச் சங்கப் பாடல்கள் ‘கொய்சுவற் புரவி’ என்கின்றன. மழிப்பது வேறு: ஒரே அலகு தோலை ஒட்டி ஓடும். கத்தரிப்புக்கு இரண்டு அலகு வேண்டும். இரண்டும் உரசியபடி எதிரெதிரே நகர வேண்டும்.

ரோமம் வெட்டும் பழைய கத்தரியில் நடுத்திருகு கிடையாது. பின்பக்கம் வில்லாக வளைந்த எஃகு. பிடியைத் தளர்த்தினால் தானே விரியும். மின்கருவியில் வழக்கமாக 13 பல் சீப்பு அசையாமல் நிற்க, 4 முனை வெட்டலகு அதன்மேல் இடவலமாக ஓடும். எதுவானாலும் அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழக்கூடாது. விழுந்தால் ரோமம் அறுபடாமல் மடிந்து இடுக்கில் சிக்கும், ஆடு துள்ளும். மறுகையால் தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் சுருக்கம் அலகுக்குள் போய்க் காயமாகும். மேலாக வெட்டிவிட்டு, மிஞ்சியதை மறுபடி வெட்டுவது இன்னொரு பிழை. அந்தத் துணுக்குகள் கலந்தால் நூல் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும், ரோமத்தின் விலையும் இறங்கும்.

இதே வேரில் பிறந்தவைதான் ‘ஷார்ட்’, ‘ஷர்ட்’, ‘ஸ்கர்ட்’ எல்லாம். ‘ஷேர்’ என்றால் வெட்டிப் பிரித்த பங்கு. நாம் கூறுபோடுவது என்கிறோமே, அதே எண்ணம். கிரிக்கெட் ‘ஸ்கோர்’கூட உறவுதான். கோலில் வெட்டிய கீறலுக்கு அந்தப் பெயர். 20 ஆட்டுக்கு ஒரு கீறல் என்று எண்ணியதால் 20-க்கும் அதுவே பெயரானது என்பார்கள்.

பொறியியலில் ‘ஷியர்’ என்பது ஒரு பொருளை எதிரெதிரே இழுத்து அறுக்கப் பார்க்கும் விசை. தமிழில் ‘கொய்வு’ என்றும் ‘சறுக்குப்பெயர்ச்சி’ என்றும் எழுதுகிறோம். முன்னதுதான் எனக்குப் பிடித்தது: பழைய சொல், பொருளும் நேர். டிராக்டரோடு ஓடும் சில கருவிகளில் ‘ஷியர் போல்ட்’ இருக்கும். கல் சிக்கினால் இரண்டு தகடுகள் எதிரெதிரே இழுத்து, கத்தரி போல அந்த போல்ட்டைத் துண்டித்துவிடும்; கருவி தப்பும். அடிக்கடி அறுகிறதே என்று கடினமான போல்ட்டை மாட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த கல்லுக்குப் போல்ட் அறாது, கியர்பாக்ஸ் உடையும்.