மூடுவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். கட்டட விதிகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். விதி என்றதும் பாதிப் பேர் ஒலியைக் குறைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாகக் கட்டடங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுகிறேன். அந்த அறிக்கைகளைக்கூட யாரும் கடைசிப் பக்கம் வரை படித்ததாக நினைவில்லை. அதனால் விதியை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு சுவர்.

தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒரு கறை. அதன் மேல் விளிம்பு அலை அலையாக, லேசான மஞ்சளாக இருக்கும். அதற்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். அது உப்பு. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று சொல்வோம். ‘ஏறுவது’ என்பது இங்கே மிகச் சரியான சொல். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. திரி எண்ணெயை இழுப்பது போல அவை மண்ணிலிருக்கும் ஈரத்தை மேலே இழுக்கின்றன. இழுக்கும்போதே சுவரின் இரு பக்கமும் ஈரம் காற்றில் உலர்ந்துகொண்டும் இருக்கிறது. ஏறுவதும் உலர்வதும் சமமாகும் இடத்தில் கறை நின்றுவிடும். பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு தவறு உடனே தெரிந்துவிடும். கறை வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் புகாத பெயிண்டை வாங்கி உள்பக்கம் அடிக்கிறோம். உலர்வதற்கு இருந்த வழி அடைபடுகிறது. ஈரம் எங்கே போகும்? இன்னும் ஒரு முழம் மேலே ஏறும். மறுவருடம் பெயிண்டுக்கு மேலே புதுக் கறை.

சரியான தடுப்பு சுவருக்குள் இருக்கிறது. ஓதத் தடுப்பு அடுக்கு. வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் டி.பி.சி. என்றே சொல்வார்கள். பேஸ்மட்டத்துக்கு மேல், முதல் செங்கல் வரிசை தொடங்கும் இடத்தில், சுவரின் முழு அகலத்துக்கும் ஒரு தார் அட்டையோ பிளாஸ்டிக் தாளோ நீர்புகாக் கலவையோ போடுவது. தடிமனில் சில மில்லிமீட்டர் இருந்தாலே போதும். இங்கிலாந்தின் விதி வழிகாட்டி இது வெளித்தரைக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஏன் 150? மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கிறதே, அந்தத் தெறிப்பு எட்டாத உயரம் வேண்டும். அப்புறம், இரண்டு தாள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று 100 மில்லிமீட்டராவது படிய வேண்டும். உள்தரைக்கு அடியில் விரிக்கும் தாளும் இதோடு வந்து சேர வேண்டும். இவ்வளவுதான். செலவில் மிகச் சின்ன உருப்படி. ஆனால் மேலே ஒரு வரிசை செங்கல் வைத்துவிட்டால், போட்டார்களா, கிழிந்ததா, மூலையில் பத்தவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டிருந்தார். வீடு கட்டி நான்கு வருடம், பெயிண்ட் அடித்தது மூன்று முறை. சுவரைத் துளைத்து மருந்து ஏற்ற வேண்டும் என்று யாரோ பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். ஓதத்தைத் தேடி வீட்டுக்குள் நிற்பதில் பயனில்லை. பதில் எப்போதும் வெளியேதான் இருக்கும். சுவரை ஒட்டி அழகான நடைபாதை ஒன்று போட்டிருந்தார்கள். அதற்கு மேல் சுவர்ப் பூச்சை வழவழவென்று பாதை வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள். உளியை வாங்கிப் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குத் தட்டி எடுத்தேன். பாதை மட்டத்துக்கும் இரண்டு விரற்கடை கீழே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. தார் அட்டை. கிழியவில்லை, நெளியவில்லை, ஒழுங்காகப் போட்டது. கொத்தனார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அதற்கு மேலேயே ஈரத்துக்குப் பாலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மருந்தும் வேண்டாம், துளையும் வேண்டாம். சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பாதையை வெட்டி எடுத்து ஜல்லி நிரப்பச் சொன்னேன். கோட்டுக்கு மேலேயே பூச்சு நிற்கும்படி வெட்டச் சொன்னேன். பிறகு காத்திருக்கச் சொன்னேன். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சுவர் உலர மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அவர் இரண்டாம் மாதமே போன் செய்துவிட்டார். இன்னொன்றும் உண்டு: ஈரம் நின்ற பிறகும் பழைய பூச்சில் தங்கிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பூச்சைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூசினால்தான் வேலை முடியும்.

எல்லா ஈரமும் ஓதம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த சுவரில் அறைக் காற்றின் ஈரம் வியர்ப்பதும் உண்டு. அலுமினியத் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் நனைந்தால் சுவரிலிருந்து வருகிறது. முனையைக் குத்திப் பார்க்கும் மின்கருவியை மட்டும் நம்பாதீர்கள். உப்பு இருந்தாலும் அது ஈரம் என்றுதான் காட்டும்.

இதுவரை சொன்னது தரைக்கு மேலே. நிலவறைச் சுவராக இருந்தால் ஓதத்தைத் தடுக்கும் வேலையே ஆளைக் கொல்லக்கூடியது. சுவரின் வெளிப்பக்கம், மண்ணை நிரப்புவதற்கு முன்னால், நீர்புகாப் பூச்சு அடிக்க வேண்டும். சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கும் இடைவெளிதான் இருக்கும். கையில் வாளியும் பிரஷ்ஷுமாக அவர் சுவரைப் பார்த்து நிற்கிறார். மண் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு கன மீட்டர் மண் என்றால் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பு வரை மூடிவிட்டால் தலை வெளியே இருந்தும் பயனில்லை. மூச்சை விடும்போது மண் நெருங்கி வரும், மறுபடி இழுக்க நெஞ்சு விரியாது. இது போதாதென்று சில பூச்சுகளின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது பள்ளத்தின் அடியிலேயே தங்கும்.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதியை எடுத்துக்கொண்டால், 5 அடி ஆழம் தொட்டதும் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது உள்ளே நிற்பவரைக் காக்கும் இரும்புப் பெட்டியை இறக்க வேண்டும். பாறையாக இருந்தால்தான் விலக்கு. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து 2 அடி தள்ளிப் போட வேண்டும். ஏணி வேலை செய்பவருக்கு 25 அடிக்குள் இருக்க வேண்டும். தினமும் வேலை தொடங்குமுன், மழை பெய்தால் மறுபடியும், தகுதியுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். வேலையை அந்த இடத்திலேயே நிறுத்த அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டுக் கட்டுமான உடன்படிக்கை (167-ஆவது) இன்னும் ஒரு படி போகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கே உண்டு என்கிறது. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பள்ளத்தில் நிற்பவரோ தினக்கூலி. “பத்து நிமிஷ வேலைதான் சார், முடிச்சிட்டு ஏறிடுறேன்” என்பார். இதே வாக்கியத்தை எத்தனையோ பள்ளங்களின் ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

இனி, விதியை யார் பிடித்து வைப்பது? பாபிலோனில் 3,700 வருடங்களுக்கு முன்பே ஹமுராபி எழுதிவைத்தார்: கட்டியவரின் குறையால் வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கட்டியவருக்கு மரண தண்டனை. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அதே தொகுப்பில் சில வரி தள்ளி வேறொன்று இருக்கிறது: சுவர் சாயத் தொடங்கினால் கட்டியவர் தன் சொந்தச் செலவில் அதைப் பலப்படுத்த வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது விதிதான் பிடிக்கும். அது யாரும் சாவதற்கு முன்னால் வேலை செய்கிறது.

இங்கிலாந்தில் விதிமீறிய வேலையை இடிக்கவோ மாற்றவோ உத்தரவிட உள்ளூர் மன்றத்துக்கு, வேலை முடிந்ததிலிருந்து 12 மாதம்தான் அவகாசம் இருந்தது. ஓதம் தலைகாட்டவே ஒரு மழைக்காலம் வேண்டும். 2022-இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பத்து ஆண்டாக ஆக்கியது. அதே நாட்டில் ராச்டேலில், பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020-இல் இறந்தது. நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அதன்பின் வந்த சட்டம், சமூக வாடகை வீடுகளில் ஓதப் புகாரை எத்தனை நாளில் பார்க்க வேண்டும் என்று நாள் கணக்காகவே வைத்துவிட்டது.

அதிகாரம் இருந்தும் கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஏப்ரல் 24. டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்ற பல மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே தூண்களில் விரிசல் தெரிந்தது. பொறியாளர் ஒருவர் பார்த்து ஆபத்து என்றார். கீழ்த்தளத்து வங்கி தன் ஆட்களை வெளியேற்றியது. மேல்தளத் தையல் தொழிலாளர்கள் மறுநாள் காலை வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

நான் பழகிய முறை வேறு. ஒவ்வொரு கட்டமும் மண்ணிலோ கான்கிரீட்டிலோ பூச்சிலோ மறைவதற்கு முன் ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும். அவர் பார்க்காமல் மூடக் கூடாது. மூடினால் உடைத்துத் திறந்து காட்டச் சொல்லலாம். கேட்க எளிது. நடப்பில், கான்கிரீட் எப்போதும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் வரும். ஆய்வாளருக்குத் தகவல் அதற்கு அரை மணி முன்னால் வரும். அதனால் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன்: பக்கத்தில் அளவுக்கோலை வைத்து, எந்த மூலை என்று தெரியும்படி. ஆனாலும் படம் எடுப்பவர் நல்ல மூலையைத்தான் எடுப்பார்.

ஒருமுறை அப்படி மூடிவிட்ட ஒரு வேலையை ஓர் இடத்திலாவது உடைத்துப் பார்த்தே தீருவேன் என்று நின்றேன். ஒப்பந்தக்காரர் தாராளமாக, “எங்க வேணும்னாலும் உடைங்க சார்” என்று கையை விரித்தார். எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? நாற்பது அடிச் சுவர். சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சாரத்துக்கு அடியில் கலவை கரைத்துக்கொண்டிருந்த கொத்தனார் நிமிரவே இல்லை. நான் அவரைத் தாண்டும்போது மட்டும், கரண்டியின் முனையால் வடகிழக்கு மூலையைக் காட்டி, ஒப்பந்தக்காரர் காதில் விழாத குரலில் சொன்னார்: “அங்க பாருங்க. அன்னிக்கு ஷீட்டு பத்தல.”